பிள்ளைக்கு ஃபோன் இல்லையே என்று கலங்க வேண்டாம்

கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் நிறைந்த அந்தச் சிறிய சதுரம் நமக்குப் புதியதல்ல. 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது முச்சக்கர வண்டிக்குப் பெற்றோல் அடிக்கவும் அதைக் காட்ட வேண்டியிருந்தது. கடைகளில் பணம் செலுத்துவதற்கும் அதை ஒட்டி வைத்திருக்கிறார்கள். 1994இல் ஜப்பானில் மசாஹிரோ ஹாரா என்பவர் மோட்டார் உதிரிப்பாகங்களை அடையாளம் காண உருவாக்கிய கியூ.ஆர். குறியீடுதான் அது. இன்று அது வகுப்பறைக்குள்ளும் வந்துவிட்டது.

கண்டி நகரிலும் கட்டுகஸ்தோட்டை, கலஹா, தெல்தோட்டைப் பகுதிகளிலும் நான் சந்திக்கும் தாய்மாரில் யுத்தத்தால் இடம்பெயர்ந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள் உள்ளனர். கணவனை இழந்து தனியே பிள்ளைகளை வளர்ப்பவர்களும் உள்ளனர். “இதுக்கும் ஒரு ஃபோன் வேணுமெண்டு சொல்லுவினமோ, மிஸ்?” என்று வன்னியிலிருந்து வந்த தாய் ஒருவர் கேட்டார். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் வாட்ஸ்அப்பில் வந்தபோது தோட்டை அடகு வைத்து ஃபோன் வாங்கியவர் அவர். அவருடைய பயம் நியாயமானது. ஆனால் இந்தக் குறியீட்டால் பயன் பெற ஒவ்வொரு பிள்ளையிடமும் ஃபோன் இருக்க வேண்டியதில்லை.

ஒரு கிராமப் பாடசாலையின் அனுபவம்

இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலம், சோலாப்பூர் மாவட்டத்திலுள்ள பரிதேவாடி கிராமத்து ஆரம்பப் பாடசாலைக்கு 2009இல் ரஞ்சித்சிங் டிசாலே ஆசிரியராகச் சென்றார். அப்போது மாட்டுக் கொட்டிலுக்கும் களஞ்சிய அறைக்கும் இடையில் சிதைந்து கிடந்த கட்டடமே பாடசாலையாக இருந்தது. பெண்பிள்ளைகளின் வரவு மிகக் குறைவு. இளவயதுத் திருமணம் சாதாரணமாக நடந்தது. பாடநூலின் மொழியும் அந்தப் பிள்ளைகளின் வீட்டு மொழியான கன்னடமும் வேறு வேறாக இருந்தன.

டிசாலே முதலில் கன்னடம் கற்றார். பிறகு முதலாம் தரம் முதல் நான்காம் தரம் வரையான பாடங்களை அவர்களுடைய மொழிக்கு மாற்றி, பாட்டு, கதை, பாட விளக்கம், பயிற்சி ஆகியவற்றைக் கியூ.ஆர். குறியீடுகளாகப் புத்தகத்தில் சேர்த்தார். பின்னர் மகாராஷ்டிர அரசு தன் பாடநூல்களிலும் இம்முறையைப் புகுத்தியது. 2020ஆம் ஆண்டுக்கான உலக ஆசிரியர் விருதாகக் கிடைத்த பத்து இலட்சம் அமெரிக்க டொலரில் பாதியை, இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது ஆசிரியர்களுக்கும் பகிர்ந்தளித்தார். நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அங்கே குறியீட்டுக்கு முன்னால் பிள்ளையின் மொழியைக் கற்ற ஒரு மனிதர் இருந்தார்.

அட்டையைத் தூக்கினால் போதும்

மதிப்பீட்டுக்கு ‘பிளிக்கர்ஸ்’ என்றொரு முறை உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காகித அட்டை கொடுக்கப்படும். அதன் நான்கு பக்கங்களும் நான்கு விடைகளுக்குரியவை. ஆசிரியர் கேள்வி கேட்டதும், தான் சரியென நினைக்கும் விடைக்குரிய பக்கம் மேலே வரும்படி பிள்ளை அட்டையைப் பிடிக்கும். ஆசிரியர் தன் ஃபோனை வகுப்பை நோக்கிக் காட்டியதும் யார் என்ன விடை சொன்னார் என்பது பதிவாகிவிடும். வகுப்புக்கு ஒரே ஒரு ஃபோன் போதும்.

ஒவ்வோர் அட்டையிலும் உள்ள வடிவம் வேறு என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுத முடியாது. பிழை விட்ட பிள்ளையைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கவும் முடியாது. இழப்பும் இடப்பெயர்வும் கண்ட வீட்டுப் பிள்ளைகள் பலர் கையுயர்த்தத் தயங்குவதை நான் காண்கிறேன். அவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

இன்னொரு வழியும் உண்டு. சிறிய கேள்வியையோ விடையையோ எழுத்தாகவே குறியீட்டுக்குள் அடக்கலாம். அதைப் பார்க்க டேட்டா தேவையில்லை. அவற்றை அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஒரு ஃபோன் என்ற கணக்கில் குழு விளையாட்டு நடத்தலாம்.

தாய்மார் செய்யக்கூடியவை

பெற்றோர் வட்டக் கூட்டத்தில் தயங்காமல் கேளுங்கள்: “ஃபோன் இல்லாத பிள்ளைக்கு இந்தப் பாடம் எப்படிக் கிடைக்கும்?” அச்சிட்ட பிரதி தரும்படி கேட்பது பிச்சையல்ல, பிள்ளையின் உரிமை. மதிப்பீட்டில் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பதையும் கேட்டறியுங்கள். வெறும் புள்ளியைவிட அதுவே பயன் தரும்.

வீட்டில் ஃபோன் இருந்தால், யார் ஒட்டியது என்று தெரியாத குறியீட்டை ஸ்கேன் செய்ய வேண்டாம். ஸ்கேன் செய்ததும் வங்கி விபரமோ கடவுச்சொல்லோ கேட்டால் உடனே மூடிவிடுங்கள்.

கடன்பட்டு ஃபோன் வாங்குவதற்கு முன் ஒருமுறை ஆசிரியரிடம் பேசுங்கள், சகோதரிகளே. தனியே போகத் தயக்கமாக இருந்தால், அதே வகுப்பில் பிள்ளை படிக்கும் இன்னும் இரண்டு தாய்மாரைச் சேர்த்துக்கொண்டு போங்கள்.