கப்பல் ஏறாத ஏற்றுமதி

ஏற்றுமதி என்றால் எஹலியகொடையில் எமக்கு நினைவுக்கு வருபவை தேயிலை, இறப்பர், மாணிக்கக்கல். ஆனால் இலண்டன் கம்பனியொன்றின் கணக்கைக் கொழும்பிலிருந்து ஒருத்தி கணினியில் முடித்துக் கொடுத்தால், அதுவும் ஏற்றுமதியே. சிவனொளிபாதமலை ஏற வரும் வெளிநாட்டார் இங்கு தங்கிச் செலவழிப்பதும் அப்படித்தான்.

1995இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக நிறுவனத்தின் சேவை வர்த்தக உடன்படிக்கை மேலும் இரு வழிகளைச் சொல்கிறது: வெளிநாட்டு வங்கி இங்கு கிளை திறப்பது, ஊழியர் தற்காலிகமாக அங்கு செல்வது. மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்யும் எம் சகோதரிகளை இதற்குள் அடக்கலாமா என்பதில் வாதமுண்டு. அவர்கள் அனுப்பும் பணத்தில் எத்தனை வீடுகளில் அடுப்பெரிகிறது என்பதில் வாதமில்லை.

நிறுவனத்துக்குச் சம்பளச் செலவு குறைகிறது. இங்குள்ளவருக்கு வேலை கிடைக்கிறது. ஆனால் அந்த வேலை தேயிலைத் தோட்டம் போல ஓரிடத்தில் வேரூன்றி நிற்பதல்ல. மணிலாவில் மலிவாக முடியுமென்றால் அங்கு போய்விடும்.

பெண்களுக்கு இன்னொரு சிக்கல். நியூயோர்க்கில் காலை ஒன்பது மணி என்றால் இங்கே இருட்டிவிடும். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் பெண்களின் இரவு வேலைக்குக் கட்டுப்பாடு விதித்தது. பாதுகாக்க வந்த சட்டமே, அமெரிக்க நேரத்துக்கு இயங்கும் காரியாலயங்களில் ஆண்களை முன்னே நிறுத்தியது. சட்டம் விட்டாலும் வாப்பா விடுவாரா, நள்ளிரவில் வீடு திரும்ப வாகனம் கிடைக்குமா என்பவை வேறு கேள்விகள்.