வீட்டுவசதிச் சங்கம் (இங்கிலாந்து)

வீட்டுவசதிச் சங்கம் என்பது இங்கிலாந்தில் குறைந்த வருவாய் உடையோருக்கு வாடகை வீடுகளைக் கட்டி நிருவகிக்கும், பெரும்பாலும் இலாப நோக்கமற்ற அமைப்பு ஆகும். உள்ளூராட்சி மன்றங்கள் இச்சங்கங்களுடன் கூட்டுச் சேர்ந்து வீடுகளைப் பெறுவது அந்நாட்டில் பரவலான வழக்கமாகும்.

வரலாறு

1919 ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்துக்குப் பின்னர் மன்றங்களே பெருமளவில் வீடுகளைக் கட்டி வாடகைக்கு விட்டன. மார்கரெட் தாட்சர் அரசின் 1980 ஆம் ஆண்டுச் சட்டம், அவ்வீடுகளில் குடியிருப்போர் அவற்றைத் தள்ளுபடி விலையில் வாங்கும் உரிமையை அளித்தது. விற்ற பணம் முழுவதையும் புதிய வீடுகளுக்குச் செலவிட மன்றங்கள் அனுமதிக்கப்படவில்லை. எனவே விற்ற வீடுகளுக்கு ஈடாகப் புதியவை எழவில்லை.

1988 ஆம் ஆண்டுச் சட்டம் சங்கங்கள் தனியார் கடன் பெற வழி திறந்தது. மன்றம் வாங்கும் கடன் பொதுத்துறைக் கடனாகக் கணக்கிடப்படும். சங்கத்தின் கடன் அவ்வாறு கணக்கிடப்படவில்லை. கூட்டு முறை வளர்ந்ததற்கு இக்கணக்கு வேறுபாடு முக்கியக் காரணம் ஆகும். 2015 இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் சங்கங்களைப் பொதுத்துறையில் சேர்த்தபோது, அரசு அவற்றின் மீதான தன் கட்டுப்பாடுகளைத் தளர்த்தி, 2017 இல் மீண்டும் தனியார்துறையாக வகைப்படுத்தச் செய்தது.

செயற்படும் முறை

நிலம், கட்டட அனுமதி வழங்கும் அதிகாரம், வீட்டுக்குக் காத்திருப்போர் பட்டியல் ஆகியவை மன்றத்திடம் உள்ளன. மன்றம் நிலத்தைக் குறைந்த விலைக்குத் தரலாம். சங்கம் அரசு மானியத்துடன் கடனையும் சேர்த்து வீடு கட்டி, வாடகை வருவாயிலிருந்து கடனை அடைக்கிறது. இதற்கு ஈடாக, வீடுகளின் ஒரு பகுதிக்குத் தன் பட்டியலில் உள்ளோரை முன்மொழியும் உரிமையை மன்றம் பெறுகிறது.

1990 ஆம் ஆண்டின் திட்டமிடல் சட்டத்தின் 106 ஆம் பிரிவு மற்றொரு வழியாகும். எடுத்துக்காட்டாக, 100 வீடுகள் கட்ட அனுமதி கோரும் தனியார் நிறுவனம், அவற்றில் 30 வீடுகளைச் சங்கத்துக்குக் குறைந்த விலையில் விற்க ஒப்பந்தம் செய்யலாம். இலாபம் போதாது என்று காட்டி இந்த எண்ணிக்கையைப் பின்னர் குறைத்துக் கொள்வதும் உண்டு.

சில மன்றங்கள் தம் பழைய வீடுகள் அனைத்தையும் சங்கங்களிடம் ஒப்படைத்தன. 1988 இல் சில்டர்ன் மாவட்ட மன்றம் இதைத் தொடங்கி வைத்தது. இதற்குக் குடியிருப்போரின் வாக்கெடுப்பு நடத்தப்படும். 2002 இல் பர்மிங்காம் நகரக் குடியிருப்போர் இம்மாற்றத்தை நிராகரித்தனர். மன்ற உறுப்பினரை அடுத்த தேர்தலில் தோற்கடிக்கலாம். சங்க நிருவாகக் குழுவை அவ்வாறு மாற்ற இயலாது என்பது எதிர்ப்பாளர்களின் வாதம்.

வாடகை

"கட்டுப்படியாகும் வீடு" என்ற சொல் ஏமாற்றக்கூடியது. பழைய சமூக வாடகை, அப்பகுதி மக்களின் வருமானத்தையும் கணக்கில் கொண்டு வகுக்கப்பட்டது. 2011 இல் அறிமுகமான "கட்டுப்படியாகும் வாடகை" சந்தை வாடகையில் 80% வரை இருக்கலாம். சந்தை வாடகை மாதம் 1,500 பவுண்டு எனில் இது 1,200 பவுண்டு ஆகும். இலண்டன் போன்ற நகரில் பட்டியலில் காத்திருக்கும் குடும்பங்கள் பலவற்றால் இதைச் செலுத்த இயலாது. ஆகவே ஒப்பந்தத்தில் எத்தனை வீடுகள் என்பதை விட, எவ்வகை வாடகை என்பதே முதலில் பார்க்கத்தக்கது.

மன்றங்களின் வீட்டுக் கடனுக்கு இருந்த உச்சவரம்பு 2018 இல் நீக்கப்பட்டது. அதன் பின்னர் சில மன்றங்கள் மீண்டும் தாமே வீடு கட்டத் தொடங்கின.