கட்டியை உடைக்கும் ஒலி

தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தையைக் காட்டும் ஸ்கேன் உங்களுக்குத் தெரியும். அதில் பயன்படுவது மீயொலி. அதாவது, நம் காதுக்கு எட்டும் 20,000 ஹெர்ட்ஸ் எல்லையைத் தாண்டிய ஒலி. அதே ஒலியின் வலிமையைக் கூட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடி வெயிலைக் குவிப்பதுபோல் ஒரே இடத்தில் குவித்தால், கத்தியின்றிக் கட்டியை உடைக்கலாம். இம்முறையின் பெயர் ஹிஸ்டோட்ரிப்சி.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், ஜென் ஷூ என்ற ஆய்வு மாணவி பன்றி இதயத்தில் இதைச் சோதித்து வந்தார். மீயொலி காதில் விழாது. ஆனால், துடிப்புகள் விட்டுவிட்டு வந்ததால் எழுந்த சத்தம் ஆய்வகத்தில் இருந்தவர்களுக்குத் தொல்லையானது. அவர்களுக்காக, ஒரு வினாடிக்கு அனுப்பும் துடிப்புகளைக் கூட்டினார். தொல்லை குறைந்தது. அதோடு, ஒரு நிமிடத்திற்குள் திசுவில் ஓட்டையும் விழுந்தது!

ஒலி அலையில் அழுத்தம் ஏறி இறங்கும். அழுத்தம் மிகவும் இறங்கும் கணத்தில் திசுவுக்குள் நுண்குமிழிகள் உப்பும். மறுகணமே சுருங்கி உடையும். அந்த வேகத்தில் செல்கள் கிழிந்து கூழாகிவிடும்.

"மிச்சம் மீதி இருந்தால் கட்டி மீண்டும் வளராதா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. இங்கேதான் நம் நோயெதிர்ப்பு மண்டலம் வருகிறது. புற்றுநோய்ச் செல்கள் அதன் கண்ணில் படாமல் ஒளிந்து வாழ்பவை. கட்டியை வெப்பத்தால் அழித்தால், வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கருபோல் அதன் புரதங்கள் பலவும் உருமாறிவிடும். ஹிஸ்டோட்ரிப்சியில் அவ்வளவு வெப்பம் இல்லை. உடைந்த செல்களிலிருந்து புரதங்கள் பெரும்பாலும் உருக்குலையாமல் வெளியேறுகின்றன. கூடவே அபாய அறிவிப்பு தரும் பொருள்களும் கசிவதால் அங்கே அழற்சி உண்டாகிறது. விரைந்து வரும் வெள்ளை அணுக்கள் அப்புரதங்களை எடுத்து டி செல்களுக்குக் காட்டுகின்றன. எதிரியின் அடையாளம் கிடைத்துவிட்டது!

2022இல் மிச்சிகன் குழு வெளியிட்ட ஆய்வில், எலிகளின் கல்லீரல் கட்டியில் 50 முதல் 75 விழுக்காட்டை மட்டுமே உடைத்தார்கள். 80 விழுக்காட்டுக்கும் அதிகமான எலிகளில் புற்றுநோய் திரும்பவில்லை, பரவவும் இல்லை. மிச்சத்தை எலியின் உடலே துடைத்தெடுத்தது.

எலி வேறு, மனிதர் வேறு. கல்லீரல் கட்டிகளுக்கு இச்சிகிச்சையை அமெரிக்கா 2023 அக்டோபரில் அனுமதித்தது, கட்டியை உடைக்கும் திறனுக்காகத்தான். மனித உடலிலும் நோயெதிர்ப்பு இதேபோல் விழித்தெழுமா என்ற ஆய்வு தொடர்கிறது. நுரையீரலில் இன்னொரு சிக்கல்: அங்குள்ள காற்று மீயொலியை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிடும்.