உங்களுக்குத் தெரியுமா? ஹாட் ராட் காரின் முதுகெலும்பு

பழைய காரை வீட்டுக் கொட்டகையிலேயே பிரித்து, வேகத்துக்கென்று புதிதாய் நிர்மாணிக்கும் ‘ஹாட் ராட்’ என்னும் கலை, தென் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைப் பந்தயங்களில் வளர்ந்து, இரண்டாம் உலக மகாயுத்தத்துக்குப் பின் அமெரிக்கா முழுதும் பரவியபோது, அதன் அபிமானிகள் பெரிதும் விரும்பித் தேடியவற்றுள் 1932-ஆம் வருஷத்து ஃபோர்டு காரின் அடிச்சட்டம் பிரதானமானது.

106 அங்குல அச்சிடைவெளி கொண்ட அக்காரின் பக்கச் சட்டங்கள், மறைப்பின்றி வெளியே தெரியும்படி, நெடுக ஓடும் அழகிய வரிப்புடன் அமைந்தவை. ஆயினும் ஒருபுறம் திறந்த வாய்க்கால் போன்ற இரும்பாதலால், பலம் மிக்க இஞ்சினை ஏற்றினால் முறுக்கிக்கொள்ளும். ஆகவே அத்திறந்த பக்கத்தை, முதலில் அட்டையில் மாதிரி வெட்டிப் பொருத்திப் பார்த்து, அதன்படி அறுத்த இரும்புத் தகட்டால் மூடி, பெட்டிபோல் ஆக்குகிறார்கள். சாமர்த்தியமெல்லாம் இங்கேதான் வேண்டும். ஒரே மூச்சில் வெல்டிங் செய்தால் உஷ்ணத்தால் சட்டம் வில்லாய் வளைந்துவிடுமாதலின், இங்கே ஓரங்குலம், எதிர்முனையில் ஓரங்குலம் என்று ஆறவிட்டு ஆறவிட்டுப் பற்றவைப்பதே உத்தமம். பிறகு மூலைக்கு மூலை குறுக்காக டேப்பைப் பிடித்து இரண்டு அளவுகளையும் ஒப்பிடுகிறார்கள். அவை சமமாக வாராவிடில், பற்றை அறுத்து மீண்டும் தொடங்குவதே முறை.