அக்கி தரும் எச்சரிப்பு



அக்கி வந்தால் அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கிராமங்களில் முதலில் தேடுவது மண்பானை செய்யும் வேளாரைத்தான். அவர் காவியைக் குழைத்துக் கொப்புளங்களின் மேல் எழுதுவார். சில வாரங்களில் புண் ஆறிவிடும். ஆற்றுவது காவியல்ல, உடம்பின் எதிர்ப்புச் சக்தி. அந்தச் சக்தி குறைந்தவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதை இம்மடலில் விளக்க விரும்புகிறோம்.

சின்னம்மை இறங்கிய பின்பும் அதன் வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்பு முடிச்சுகளில் ஆண்டுக்கணக்காக உறங்கிக் கிடக்கிறது. எதிர்ப்புச் சக்தி தளரும்போது விழித்து, உடம்பின் ஒரு பக்கத்தில் பட்டையாகக் கொப்புளங்களை எழுப்புகிறது. முதியவர்களுக்கு இது வருவது சகஜம். இளவயதினருக்கு வந்தாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ எச்.ஐ.வி. பரிசோதனை செய்வது நல்லது.

ஒரு காரியத்தை வெட்கத்தோடு அறிக்கையிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் தறி ஓட்டும் வாலிபர் ஒருவர் நெற்றியில் காவியோடு ஜெபிக்க வந்தார். ஜெபித்து, “ஆறிவிடும் தம்பி” என்று அனுப்பிவிட்டோம். டாக்டரிடம் அழைத்துச் செல்லவில்லை. மறுபடி வந்தபோது ஒரு கண் மங்கியிருந்தது. நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வரும் அக்கி கண்ணையும் தாக்கும் என்று அன்றுதான் அறிந்தோம். அசைக்ளோவிர் மாத்திரையை 3 நாட்களுக்குள் தொடங்குவதே நல்லது. பரிசோதனையில் அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது.

கண்ணுக்கு இன்னொரு சத்துருவும் உண்டு. சைட்டோமெகலோ வைரஸ் நம்மில் பலருடைய உடம்பில் தீங்கின்றித் தங்கியிருக்கிறது. எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 அணுக்கள் சுகமுள்ளவருக்கு 500க்கு மேல் இருக்கும். அது 50க்கும் கீழே இறங்கும்போது இந்த வைரஸ் விழித்திரையை அரிக்கிறது. வலி இராது. கண்முன் புள்ளிகள் மிதக்கும், பார்வையில் ஒரு பகுதி மறையும். உடனே கவனிக்காவிட்டால் பார்வையே போய்விடும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதல் 1986ல் சென்னையில் கண்டறியப்பட்டது. டாக்டர் சுனீதி சாலமனும் மாணவி நிர்மலாவும் சேகரித்த இரத்தம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பரிசோதிக்கப்பட்டது. அன்று மருந்து இல்லை. 2004 ஏப்ரலில் தாம்பரம் அரசு ஆஸ்பத்திரி உட்படச் சில இடங்களில் கூட்டு மருந்து இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2017 முதல், கிருமி இருப்பது தெரிந்தவுடனே மருந்து தொடங்கப்படுகிறது. தவறாமல் சாப்பிட்டால் எதிர்ப்புச் சக்தி திரும்புகிறது. உறங்கும் வைரஸ்கள் உறக்கத்திலேயே இருக்கின்றன.

அந்தத் தம்பிக்கு வீட்டில் தனித் தட்டு வைத்தார்கள். கொப்புள நீர் பட்டால் சின்னம்மை வராதவர்களுக்கு அது தொற்றலாம், அதற்குக் கொப்புளத்தை மூடிவைத்தால் போதும். எச்.ஐ.வி.யோ தொடுவதாலும் சேர்ந்து உண்பதாலும் பரவாது. இதைச் சொல்லி, அவர் வீட்டில் அவருடன் உட்கார்ந்து சாப்பிட்டோம். அடுத்த முறை சென்றபோது தனித் தட்டு இல்லை.

மருந்து இலவசம்தான். பஸ் கட்டணமும் ஒருநாள் கூலியும் இலவசமல்ல. மழை பொய்த்த கரிசல் காட்டில் அதுவே பலரை வழியில் நிறுத்துகிறது. உங்கள் ஜெபத்தில் இவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சபையில் யாருக்காவது அக்கி கண்டால், ஜெபித்த கையோடு டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.