சாமுவேல் டானியலின் அச்சோவியங்களும் ஊவாவின் நிலக்காட்சியும்

நிலக்காட்சி அச்சோவியங்களை இயற்கையின் நேர்ப்பிரதிகளாகக் கொள்வது பொதுவழக்கு. ஆயின், எந்நிலம் வரையப்பட்டது, எந்நிலம் விடுபட்டது என வினவும்போது அழகியலோடு அரசியல் வரலாறும் புலனாகும். சாமுவேல் டானியலின் வாழ்வும் பணியும் இதற்குத் தக்க சான்றாகும்.

1775இல் இங்கிலாந்திற் பிறந்த சாமுவேல் ஓவியக் குடும்பமொன்றைச் சார்ந்தவர். அவருடைய தந்தையின் உடன்பிறந்தாரான தோமஸும், தமையனாரான வில்லியமும் 1792-93 காலப்பகுதியில் தமிழகத்திற் பயணஞ்செய்து மதுரை, மாமல்லபுரம் முதலிய இடங்களை வரைந்தவர்கள். சாமுவேலோ 1799இல் நன்னம்பிக்கைமுனைக்குச் சென்றார். அங்கு வரைந்தவற்றை 1804-05இல் 30 அச்சோவியங்களாக வெளியிட்டார்.

இவ்வோவியங்கள் ‘அக்குவாடின்ட்’ முறையில் அமைந்தவை. செப்புத்தகட்டின்மீது குங்கிலியப் பொடியைத் தூவிச் சூடாக்கி ஒட்டச்செய்வர். பின்னர் தகட்டை அமிலத்தில் இடுவர். துகள்களின் இடைவெளியை அமிலம் அரிக்கும். வெண்மையாக இருக்கவேண்டிய பகுதிகள் மெருகெண்ணெயால் மூடப்படும். மேலும் மேலும் அரிக்கப்படுபவை கருமை பெறும். நீர்வண்ண ஓவியத்தின் மென்னிழல்களை அச்சிற் கொணர்ந்தமையே இம்முறையின் சிறப்பு.

இதன்பின் இலங்கைக்கு வந்த சாமுவேல், தேசாதிபதி மெயிற்லாந்தின் ஆட்சியிற் காடுகளின் கண்காணிப்பாளராகப் பணியாற்றினார். இலங்கைக் காட்சிகளையும் விலங்குகளையும் மக்களையும் சித்திரிக்கும் 12 அச்சோவியங்கள் 1808இல் இலண்டனில் வெளியாயின. திருகோணமலைத் துறைமுகமும், காலிக்கும் மாத்தறைக்கும் இடைப்பட்ட கரையும் அவற்றில் இடம்பெற்றன. 1811 டிசெம்பரில் அவர் இலங்கையிலேயே காலமானார்.

எல்ல, பதுளை உள்ளிட்ட ஊவா மலைகள் அத்தொகுதியில் இடம்பெறவில்லை. இது தற்செயலன்று. அன்று ஊவா கண்டியரசின் பகுதியாகும். 1803இல் கண்டியைக் கைப்பற்ற முயன்ற பிரித்தானியப் படை அழிவுற்றது. 1815இல் கண்டி வீழ்ந்தது. 1817-18இல் ஊவாவில் எழுந்த கிளர்ச்சி வயல்களும் குடியிருப்புகளும் அழிக்கப்பட்டு ஒடுக்கப்பட்டது. வில்லியம் லிற்றில்ற்றன் என்னும் படையதிகாரி மலைநாட்டுக் காட்சிகளை அச்சோவியங்களாக வெளியிட்டது 1819இலேயாம். படை சென்ற வழியே ஓவியமும் சென்றது எனலாம்.

பின்னர் அம்மலைகள் கோப்பித் தோட்டங்களாயின; தேயிலைத் தோட்டங்களும் ஆயின. அவற்றை ஆக்கியோர் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர். இன்றைய எல்லயின் விளம்பரப் படங்களிற் கொழுந்து பறிக்கும் பெண் இடம்பெறுகிறாள். அவள் வாழும் லயனும், பெறும் கூலியும் இடம்பெறுவதில்லை. உழைப்பவர் காட்சியின் அணியாக மாத்திரம் எஞ்சுகின்றனர்.

டானியலின் கலைத்திறனை மறுப்பது ஈண்டு நோக்கமன்று. அவரது தகடுகள் காட்டியதோடு காட்டாததையும் சேர்த்து நோக்கும்போதே அவை வரலாற்று ஆவணங்களாகின்றன. மலையகத்தின் நிலக்காட்சியை வரைய முற்படும் கலைஞனும், மலைச்சரிவைப் போலவே அதனைத் திருத்தியமைத்த உழைப்பையும் தன் தகட்டிற் பொறிக்கவேண்டியவனாவான்.