விதி என்று சொல்வதற்கு முன்...

எங்கள் வீட்டுக் கூடத்தில் மாலையிட்ட படம் ஒன்று இருக்கிறது. பெரியப்பாவின் மூத்த மகன். நான் படிவம் நான்கில் படித்துக்கொண்டிருந்தபோது, தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து மோட்டார் சைக்கிளில் திரும்பிய அண்ணன், தோட்டத்துக்குத் திரும்பும் முச்சந்தியில் காரில் மோதி இறந்தார். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "விதி!" பெரியம்மா மட்டும் வாயே திறக்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் போக்குவரத்துப் பாடம் எடுத்தபோதுதான் அந்த வார்த்தைக்குள் எத்தனை காரணங்களை நாம் சுருட்டி வைத்திருக்கிறோம் என்பது புரிந்தது. அவற்றுள் சிலவற்றை நம் கெடா மாநிலத்துச் சாலைகளில் வைத்தே விளக்க முயல்கிறேன்.

மலேசியச் சாலைகளில் 2016-ஆம் ஆண்டில் மட்டும் 7,152 பேர் மாண்டனர். நாளொன்றுக்கு ஏறக்குறைய இருபது பேர்! நம் நாட்டில் சாலையில் உயிரிழப்போரில் பத்தில் ஆறு பேருக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. நம் வீட்டு வாசலில் நிற்பது என்ன? ஒரு பழைய கப்சாய்தானே.

என் தாத்தா பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு நடந்து போவார், மரத்துக்கு நடந்து போவார், லயத்துக்கு நடந்தே திரும்புவார். பாம்பும் காய்ச்சலும் அவரைப் பயமுறுத்தின, சாலை பயமுறுத்தவில்லை. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. எங்கள் சனம் சுங்கைப் பட்டாணி, பீடோங், பாடாங் செராய், லூனாஸ் என்று பட்டணங்களின் ஓரங்களுக்குப் பெயர்ந்தது. 1996-இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. வேலை கிடைத்தது, உண்மைதான். ஆனால் வேலைக்கும் வீட்டுக்கும் இடையில் பல மைல் தார்ச்சாலை முளைத்துவிட்டது. தொழிற்சாலைப் பஸ் எல்லா வாசலுக்கும் வராது. எனவே பதினாறு வயதிலேயே பி2 உரிமம், பதினெட்டில் தவணைக்கு ஒரு மோட்டார்.

சாலையில் எவ்வளவு தூரம், எந்த நேரத்தில், எந்த வாகனத்தில் செல்கிறோம் என்பதே முதல் காரணி. ஓட்டுநரின் குணம் அதற்குப் பின்தான். பெருந்தொற்றுக் காலமே இதற்குச் சான்று. 2019-இல் 6,167-ஆக இருந்த மரண எண்ணிக்கை, நடமாட்டக் கட்டுப்பாடு வந்த 2020-இல் 4,634-ஆக இறங்கியது. ஓட்டுநர்கள் ஒரே ஆண்டில் திருந்திவிட்டார்களா என்ன? வீட்டில் இருந்தார்கள், அவ்வளவுதான். கதவு திறந்ததும், 2022-இல் மீண்டும் 6,080.

அடுத்தது வேகம். மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடியாக உயரும் என்பதை பள்ளியில் படித்தோம்; பரீட்சையோடு மறந்தும் போனோம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறவர் 80-க்கு முறுக்கினால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆற்றலோ ஏறக்குறைய முக்கால் பங்கு கூடிவிடும். சராசரி வேகம் 1 விழுக்காடு ஏறினால் உயிர்ப்பலி ஏறத்தாழ 4 விழுக்காடு ஏறும் என்பது சுவீடன் ஆய்வாளர் நில்சன் வகுத்த கணக்கு. தவிர, ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். 80-இல் அந்த ஒரு வினாடிக்குள் 22 மீட்டர் ஓடியிருக்கும். இரவெல்லாம் விழித்தவருக்கு ஒரு வினாடி போதாது.

அண்ணன் வேகமாக ஓட்டுபவர் அல்லர். அந்தக் கார்க்காரரும் குடித்திருக்கவில்லை. "மோட்டாரைப் பார்த்தேன், தூரத்தில் வருகிறது என்று நினைத்தேன்" என்றாராம். அன்று அவரை அடிக்காத குறையாகத் திட்டினோம். இப்போது யோசித்தால் அவர் பொய் சொல்லவில்லை என்றே தோன்றுகிறது. எதிரே வரும் பொருள் எவ்வளவு விரைவாகப் பெரிதாகிறது என்பதை வைத்துத்தான் கண் அதன் வேகத்தை மதிப்பிடுகிறது. லோரி சட்டெனப் பெரிதாகும். ஒல்லியான மோட்டார் சைக்கிள் கடைசி நொடிவரை சிறியதாகவே தெரியும். இதனால்தான் 1992-இல் பகலிலும் மோட்டார் சைக்கிளின் முன்விளக்கு எரிய வேண்டும் என்று சட்டம் வந்தது. அதன்பின், பார்வையில் படாததால் நேரும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் சிரம்பானிலும் ஷா ஆலாமிலும் ஏறக்குறைய 29 விழுக்காடு குறைந்ததாக ராடின் உமாரும் அவருடைய சகாக்களும் கண்டறிந்தனர். ஒரு சிறு விளக்குக்கு இவ்வளவு பலன்!

சாலையின் அமைப்பும் உயிர் காக்கும். கூட்டரசு நெடுஞ்சாலையில் ஷா ஆலாம் பகுதியில் மோட்டார் சைக்கிளுக்கென்று தனிப்பாதை போட்டபின் அவற்றின் விபத்துகள் 39 விழுக்காடு அளவுக்குக் குறைந்ததாக இன்னோர் ஆய்வு. நம் பக்கத்துக் குவாலா கெட்டில், பாலிங் சாலையில் நமக்கு வாய்த்தது செம்பனைக் குலை லோரிக்கும் கால்வாய்க்கும் நடுவே ஒரு வெள்ளைக் கோடு.

தலைக்கவசம் 1973 முதலே கட்டாயம். அது மரண ஆபத்தை ஏறக்குறைய 42 விழுக்காடு குறைக்கிறது. உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு தான் நசுங்கி, மண்டைக்குப் போகும் அடியை வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை, வெளியே கீறல் இல்லாவிட்டாலும், மாற்ற வேண்டும் என்பது இதனால்தான். தாடைவார் மாட்டாத கவசமோ முதல் அடியிலேயே பறந்துவிடும். அண்ணனுடையது கால்வாயில் கிடந்தது. அதில் ஒரு விரிசல்கூட இல்லை. தோட்டத்துக்குள் "உள்பாதைதானே" என்று பிள்ளைகளை முன்னும் பின்னும் வெறுந்தலையோடு தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப்போகும் அப்பாக்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. போலீஸ் இல்லாத இடத்திலும் மண் கெட்டியாகத்தான் இருக்கிறது.

குடியைப் பற்றி நம்மவர்களிடம் பேசினால் கோபம் வரும், ஆகவே சுருக்கமாக. 2020 அக்டோபரில் இரத்தத்தில் மதுவின் அளவு 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50-ஆகக் குறைக்கப்பட்டது. கல்யாண மண்டபத்துப் பின்வாசலில் இந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.

நம் வயதுக்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 ஜூன் 9-ஆம் நாள் ஜெர்த்தேயிலிருந்து தஞ்சோங் மாலிமுக்குத் திரும்பிய சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் கிரிக் அருகே பஸ் விபத்தில் மாண்டனர். ஜூலை முதல் நாளிலிருந்து விரைவு பஸ் பயணிகள் இருக்கைவார் அணிவது கட்டாயமாக்கப்பட்டது. பஸ் கவிழ்ந்தால் வார் போடாதவர் உள்ளேயே உருண்டு அடிபடுவார், அல்லது வெளியே வீசப்படுவார். தீபாவளிக்குச் சுங்கைப் பட்டாணி பஸ் ஏறும்போது பாருங்கள், வாரைத் தேடி எடுப்பவர்கள் எத்தனை பேர் என்று. சென்ற முறை என் வரிசையில் நானும் ஒரு மலாய்ப் பாட்டியும்தான்.

அந்த முச்சந்தியில் இன்றும் விளக்கு இல்லை. காலை மூடுபனியில் செம்பனை மட்டைகள் சாலைவரை நீண்டு, வருகிற வண்டியை மறைக்கின்றன. பெரியப்பாவும் நானும் மட்டைகளை வெட்டவும் விளக்குக் கம்பம் நடவும் கேட்டு, நாற்பத்தேழு குடும்பங்களின் கையெழுத்தோடு மனு கொடுத்தோம். அது வேறோர் அலுவலகத்தின் பொறுப்பு என்று பதில் வந்தது. அங்கேயும் கொடுத்திருக்கிறோம். மட்டைகளைப் பெரியப்பாவே மாதம் ஒருமுறை கத்தியோடு போய் வெட்டிவிட்டு வருகிறார்.